புளி படாத காசுகள்

எங்கள் வீட்டில் மின்னாத உலோகம் என்று ஒன்று இருந்ததென்றால் அது என் காசுகள்தான். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மின்னக் கூடாது என்று முடிவு செய்தவளே நான்தான். அந்த முடிவுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழ் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கு யாராவது புளியும் கையுமாக வந்து நின்றாலும் போடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தேன். கணவர் நூற்பாலையில் ஃபிட்டர். மாமனார் சில வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவரும் அதே மில்லில் வேலை பார்த்தவர். ஆக வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும் மட்டும். மாமியாரை எங்கள் பக்கத்து வழக்கப்படி அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாத்திரம் விளக்குவதில் அத்தை தெருவுக்கே பேர் போனவர். பழைய செங்கலை இடித்து, வேட்டித் துணியில் சலித்து, முகப் பவுடர் மாதிரி ஒரு டப்பாவில் வைத்திருப்பார். ஊறிய புளியில் அந்தப் பொடியைத் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாரென்றால் பித்தளைக் குடத்தில் எதிர்வீட்டுக் கதவு தெரியும். கதவுத் தாழ்ப்பாளைக்கூட விடமாட்டார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீடே புளிவாடை அடிக்கும்.

அந்த வீட்டுக்குள் நான் கொண்டு போனது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் செப்புக் காசுகள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்ட். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பால்கோவா வாங்கவும் பூ வாங்கவும் போவார்கள். நான் தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போவேன். பழைய செம்பு, பித்தளையை எடைக்கு வாங்கி உருக்க அனுப்புகிற கடை அது. சாக்கில் வருகிற ஓட்டைச் சொம்புகளுக்கும் நசுங்கிய போணிகளுக்கும் அடியில் காசுகள் கிடக்கும். கடைக்காரர் என்னை ஒரு தினுசாகத்தான் பார்ப்பார். ஒரு பொம்பளை, அதுவும் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவள், பழைய சாக்கைக் கிண்டுவது அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. எடை போட்டார், கொடுத்தார்.

காலணா, அரையணா, சங்கு முத்திரை போட்ட திருவாங்கூர்க் காசு, நடுவில் ஓட்டை போட்ட காலணா. அந்த ஓட்டைக் காலணாவைக் குழந்தைகளின் அரைஞாணில் கோத்துக் கட்டுவார்கள். எனக்குக் கிடைத்த ஒன்றில் ஓட்டையின் ஒரு ஓரம் மட்டும் கயிறு அறுத்துத் தேய்ந்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து, நடந்து, ஓடியிருக்கிறது. அந்தத் தேய்மானம் எனக்கு வேண்டும். அந்தக் கறுப்பும் வேண்டும். செம்பு காற்றுப் பட்டு வருஷக்கணக்கில் தானாகக் கறுப்பது அழுக்கு அல்ல, அது காசின் தோல். தோலை உரித்துவிட்டு மினுமினு என்று இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு நான் ஆளில்லை.

இந்த நியாயமெல்லாம் அத்தைக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான முதல் ஆயுத பூஜை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் என் சங்குக் காசு பூஜைத் தட்டில் கிடந்தது. நான் காலையில் அவசரத்தில் ஜன்னல் விளிம்பிலேயே விட்டுப் போயிருந்தேன். இப்போது அந்தக் காசு புதுசாகச் சுட்ட பணியாரம் மாதிரி சிவப்பாக, பளபளவென்று. சங்கின் வரிகளில் பாதியைக் காணோம். மேலே ஈரச் சந்தனமும் குங்குமமும்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்புட்டுக் கறுப்பு, ஏட்டி. ரெண்டு தடவ புளி போட்டேன். மத்ததெல்லாம் எங்க வெச்சிருக்க? எடுத்துட்டு வா, எல்லாத்தையும் தேச்சுத் தாரேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. "இனிமே எங் காசத் தொடாதீங்க, அத்தை" என்றேன். வந்து ஆறு மாதம் ஆகாத மருமகள் இப்படிச் சொன்னால் வீடு எப்படி இருக்கும்? கணவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சுண்டலில் உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அத்தையின் மேல் எனக்கு வன்மம் ஒன்றும் கிடையாது. அவர் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை, எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். ஆனால் நல்லெண்ணத்தோடு தேய்த்தாலும் போன சங்கு போனதுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. இந்தக் காசுகளை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்கிறவள் நானா, அந்த வீட்டுப் பழக்கமா? வேறு எதிலும் நான் பிடிவாதம் பிடித்ததில்லை. சேலைக் கலரிலிருந்து குழம்புக் காரம் வரை அவர்கள் சொன்னதுதான். இந்த ஒன்றில் மட்டும் விடுவதில்லை என்று இருந்தேன்.

சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வீட்டில் தூசியோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரெண்டு தெரு தள்ளிப் பருத்தி அரைக்கிற மில். காற்றுக் காலத்தில் மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று மில்லைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வரும். வெள்ளைச் சோற்றில் வெள்ளைப் பஞ்சு தெரியாது, கறுத்த காசில் தெரியும். ஒரு இழைதானே என்று விட்டால் ஐப்பசி மழையில் அந்த இழை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் அடியில் பச்சைப் புள்ளி விழுந்திருக்கும். பச்சைக் களிம்பு வேறு, கறுப்புத் தோல் வேறு. முன்னது தின்னும், பின்னது காக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் என் வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்வேன். மேஜையில் தடித்த துண்டை நாலாக மடித்துப் போடுவேன், காசு கை தவறி விழுந்தாலும் அடிபடாமல் இருக்க. ஃபேனை நிறுத்திவிட வேண்டும். முதலில் ஆல்பம். மூடியபடியே வெளியே எடுத்துப்போய் மேல் விளிம்பையும் முதுகையும் காய்ந்த மெல்லிய துணியால் துடைப்பேன். திறந்துவிட்டுத் துடைத்தால் மேலே உட்கார்ந்திருக்கிற தூசி முழுக்க உள்ளே இறங்கும். பிறகு காசுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பக்கங்களைத் துடைப்பேன். காசு உள்ளே இருக்கும்போது பக்கத்தைத் துடைத்தால் தூசி காசின் மேலேயே உராயும்.

காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் வியர்வை ரேகை அப்படியே பதிந்து, ஒரு மழைக்காலத்தில் கறையாக எழுந்து நிற்கும். மருந்துக் கடையில் காது கழுவ விற்கிற ரப்பர் பல்பு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். புதுசாக, தண்ணீர் படாததாக. அதை அமுக்கினால் காற்று வந்து தளர்ந்த தூசி போய்விடும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும். போகாத தூசியைப் படம் வரைகிற மெல்லிய முடிப் பிரஷ்ஷால், அழுத்தாமல், ஒரே பக்கமாக. அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சம் இல்லை, அலுவலகத்தில் ஒருத்தர் அதை வைத்துத் துடைக்கச் சொன்னார். இன்னொருத்தர் பல் பேஸ்ட் போடச் சொன்னார். எலுமிச்சம்பழம் என்றவரும் உண்டு. ஊர் முழுக்க யோசனை. மண் அப்பிப் போன காசை மட்டும் பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப் போட்டு, எடுத்து, துணியில் ஒற்றி உலர வைப்பேன். ஒற்றுவதுதான், துடைப்பது கிடையாது.

காசின் முகத்துக்கு நேராகப் பேசவும் கூடாது என்பதால் அந்த நேரம் வாயே திறக்க மாட்டேன். அத்தை அதையும் விடவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம், "அந்தக் கறுத்த காசால ஒரு நன்மை இருக்கு. ஞாயித்துக்கிழமை செத்த நேரம் இவ வாய் மூடியிருக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்வார். காசை வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். வைப்பதற்குள் அவர் அடுப்படிக்குப் போயிருப்பார்.

ஆல்பத்தாலும் ஒரு தடவை அடிபட்டேன். மதுரையில் ஆசைப்பட்டு வாங்கிய ஆல்பம், கண்ணாடி மாதிரி பளிச்சென்று பிளாஸ்டிக் பக்கங்கள். ரெண்டு மழைக்காலம் போனதும் பிளாஸ்டிக்கே வியர்த்தது போல ஒட்ட ஆரம்பித்துக் காசுகளின் மேல் பச்சைப் பசையாகப் படிந்துவிட்டது. அத்தை எட்டிப் பார்த்து, இதற்குப் புளியே தேவலை என்றார். ஆனாலும் நான் புளிக்குப் போகவில்லை. பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, தடித்த டிராயிங் அட்டையில் காசு காசாக வட்டம் வெட்டி, பட்டர் பேப்பர் உறை தைத்து நானே பக்கங்கள் செய்தேன். பசையும் ரப்பரும் காசைத் தொடாதபடி. பார்க்க லட்சணமாக இல்லை. மழை வந்தால் அந்தப் பக்கங்கள் வியர்க்கவில்லை, அது போதும்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சண்டை வரும். முந்தின நாள் அத்தை புளியை ஊறப் போடும்போதே நான் ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். பூஜையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அரிவாள்மணை, கத்திரிக்கோல், சைக்கிள், கணவரின் ஸ்பேனர்கள், மின் மீட்டர். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். ஒரு வருஷம் என் டைப்ரைட்டருக்கு யாரோ தாராளமாகச் சந்தனம் அப்பிவிட்டுப் போக, 'க' எழுத்துக் கம்பி உள்ளே மாட்டிக்கொண்டு தீபாவளி வரை தூக்கித் தூக்கி விட வேண்டியிருந்தது. சாமிக்கு நான் எதிரி இல்லை. டைப்ரைட்டரையாவது மெக்கானிக் வந்து சரி செய்வார். காசுக்கு யார் வருவார்?

வருஷங்கள் ஓடின. மகள் பிறந்து பள்ளிக்கூடம் போனாள். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், எல்லாம் ஒன்றாக வந்தது. பவர் கட்டால் மில்லில் ஷிப்டுகளைக் குறைத்தார்கள், கணவர் பாதி நாள் வீட்டில் இருந்தார். ஆவணியில் அத்தை குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்த அம்மா அத்தையை வதினா, அதாவது அண்ணி என்று முறை வைத்துக் கூப்பிடுவார், நல்ல மனுஷிதான். பார்க்க வந்தவர் கட்டையும் பார்த்தார், என் பீரோவையும் பார்த்தார். வீட்டில் காசு கறுத்துக் கிடந்தால் லட்சுமிக்கு ஆகாதாம், கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வருமாம். சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அது போதும். பவர் கட்டுக்கும் குழாயடிப் பாசிக்கும் சேர்த்து என் காசுகள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. அத்தை திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் தன்னால் தேய்க்க முடியாது, நான்தான் தேய்க்க வேண்டும், பாத்திரங்களோடு காசுகளையும். தேய்க்க மாட்டேனென்றால் அவற்றைக் கொண்டுபோய் அந்தப் பாத்திரக் கடையிலேயே போட்டுவிட்டு வர வேண்டும். ரெண்டில் ஒன்று.

கணவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தார். ஒரு தடவை தேய்த்து வைத்துவிட்டால் அம்மாவுக்கும் மனசு ஆறும், காசும் வீட்டிலேயே இருக்கும் என்றார். ஒரு தடவைக்கு மேல் தேய்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது என்றேன். உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மாவுக்கட்டோடு இருக்கிற கிழவியை எதிர்த்து நிற்கிறவளைப் பற்றித் தெருவில் யாரும் நல்ல வார்த்தை சொல்லப் போவதில்லை. சொல்வதைச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டேன். விடியும் முன்னே புளியை நானே ஊறப் போட்டேன். சோம்பேறித்தனத்தில் காசு தேய்க்கவில்லை என்று ஒரு வாய் சொல்லக் கூடாது அல்லவா? குடம், தவலை, குத்துவிளக்கு, தாம்பாளம், தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, ஒன்று விடாமல் தேய்த்தேன். அத்தை முக்காலியில் உட்கார்ந்து, "அடியில இன்னும் போகல" "கழுத்துப் பக்கம் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விரல் நுனியெல்லாம் புளி எரிந்தது. மத்தியானம் வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தபோது அத்தை தேய்த்ததற்கும் நான் தேய்த்ததற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அத்தைக்கும் அது தெரிந்தது.

காசைப் பற்றிப் பேச்சு எடுக்கப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் எழுந்து உள்ளே போய், பூஜை அலமாரியின் அடித்தட்டிலிருந்து இடது கையால் ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து வந்தார். "இது ஒண்ணு பாக்கி. இத நாந்தான் வருசா வருசம் தேப்பேன். இந்த வருசம் நீ தேச்சுக் குடு" என்றார்.

மாமனாரின் மில் டோக்கன். அந்தக் காலத்தில் மில்லுக்குள் போகும்போது டைம் ஆபீஸ் பலகையிலிருந்து அவரவர் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துப் போய், வெளியே வரும்போது திரும்ப மாட்டிவிட்டு வர வேண்டும். பிறகு அட்டை முறை வந்தபோது பழையதை வேண்டுமென்றவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாமனாரும் வாங்கி வந்திருக்கிறார். அவர் போன பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அது தட்டின் நடுவில் இருக்கும், முகம் முழுக்கச் சந்தனமும் அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டுமாக. அந்தப் பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது. பூஜை முடிந்ததும் அத்தை எடுத்துத் துணியில் முடிந்துவிடுவார்.

பழக்க தோஷத்தில் விளிம்பைப் பிடித்துத்தான் வாங்கினேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஓரத்தில் மில் பெயர் இருந்ததற்கு அடையாளமாகச் சில புள்ளிகள். நடுவில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று பள்ளம். முதல் மூன்று இலக்கமும் நிழல் மாதிரி இருந்தன. கடைசி இலக்கம் ஒரு நேர்கோடு, அதுவும் பாதி.

புளிக் கிண்ணம் காலடியில் இருந்தது. செங்கல் பொடியும் இருந்தது.

"இதத் தேய்க்க மாட்டேன், அத்தை" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. காசுக்குச் சொல்லும்போது வருகிற கோபம் எனக்குத் தெரியும், அதில் பாதி கேலி இருக்கும். இதில் இல்லை. "எம் புருசன் சாமான் அது. தேய்க்க மாட்டேன்னு சொல்ல நீ யாரு?" என்றார்.

"யாராவும் இருந்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு வருசம் தேச்சா நம்பரு போயிரும்."

"போனாப் போவுது. நம்பரு எனக்குத் தெரியாதாக்கும்?"

"உங்களுக்குத் தெரியும். எம் மகளுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க சொல்லுங்க, அவகிட்டச் சொல்லி வைக்கேன்."

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தி" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். உதடு அசைந்தது. "நாப்பத்தி ஒண்ணு" என்றார். பிறகு தலையை ஆட்டி, "இல்ல, ஏழு" என்றார். என் முகத்தைப் பார்த்தார், எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல. மாமனாரை நான் பார்த்ததுகூட இல்லை. "ஒண்ணா, ஏழாட்டி?" என்று கேட்டார்.

எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. இவர் எத்தனை ஆசையோடு தேய்த்திருக்கிறார், வேறு யார் கையிலும் கொடுக்காமல், அந்தப் பாழாய்ப்போன பொடியைத் துணியில் சலித்துச் சலித்து. ஆனாலும் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தக் கணமே இடது கையால் தேய்க்க உட்கார்ந்துவிடுவார் என்று தெரியும்.

புளி போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். துண்டை நாலாக மடித்து ஜன்னலோரம் போட்டேன். ரப்பர் பல்பு, பிரஷ், பூதக்கண்ணாடி. அத்தை பின்னாலேயே வந்து நின்றார். அதுவரை அவர் அந்த மேஜைப் பக்கம் வந்ததில்லை. காற்றை அமுக்க அமுக்கக் காய்ந்த சந்தனம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. பிரஷ்ஷின் நுனியால் ஒரே பக்கமாகத் தள்ளினேன். ஒன்று தெரிந்தது, இன்னொரு ஒன்று, பிறகு நாலு. கடைசி இலக்கத்துக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நேர்கோட்டின் தலையிலிருந்து இடது பக்கமாக முடி அளவில் ஒரு சிவப்புக் கீற்று. கீறலின் ஆழம் முழுக்கத் தேய்ந்துபோய், அதில் அமுங்கிக் கிடந்த பழைய குங்குமம் மட்டும் கோடாக மிஞ்சியிருந்தது. பிரஷ்ஷை இன்னொரு தடவை வைத்தால் அதுவும் போயிருக்கும், அதோடு அந்த இலக்கமும். இத்தனை வருஷம் காசு பக்கமே குங்குமத்தை அண்ட விடாதவள் நான். அந்தச் சிவப்பில் பிரஷ்ஷை வைக்கவில்லை.

"ஏழுதான், அத்தை."

பூதக்கண்ணாடியை இடது கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நான் அடியில் கையைக் கொடுத்தேன். "ஏழுதான்" என்றார். பிறகு, "இந்த வருசச் செங்கல் கொஞ்சம் நெருநெருன்னு இருந்திருக்கு போல" என்றார். இந்த வருஷப் பொடி அதன் மேல் படவே இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சரி என்றேன். அதற்குள் புகுந்து நியாயம் பேசுகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

ஒரு அட்டையில் வட்டம் வெட்டி, பட்டர் பேப்பர் உறையில் டோக்கனை வைத்தேன். காசைத் தேய்க்கும் பேச்சை அன்றைக்கு அத்தை எடுக்கவில்லை. பாத்திரக் கடைப் பேச்சையும் எடுக்கவில்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நான் நம்பிவிடவில்லை; பீரோ சாவி இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் பூஜை. பித்தளையும் செம்பும் வெண்கலமும் கண் கூசுகிற மாதிரி மின்ன, நடுத்தட்டில் அந்த ஒரு டோக்கன் மட்டும் மங்கலாக, பொட்டு இல்லாமல், காகித உறைக்குள் இருந்தது. அத்தை பூவைக்கூட ஒரு சாண் தள்ளியே வைத்தார். சாயங்காலம் சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டம்மாவின் கண் நேராக அதில்தான் போய் நின்றது.

"ஏமி வதினா, மருமக இத மட்டும் வெளக்காம விட்டுட்டாளா?" என்றார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பத்து வருஷமாகத் தீட்டி வைத்த பதில். வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"நாந்தான் தேய்க்கக் கூடாதுன்னேன். அது அழுக்கு இல்ல. இவ காசும் அப்பிடித்தான், அதையும் யாரும் தேய்க்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. சண்டை போட்டது நான். பேச்சு வாங்கியது நான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கியது நான். நோகாமல் ஒரே வாயில் அத்தனையையும் தன்னுடையதாக்கிக்கொண்டு, மாவுக்கட்டை மடியில் வைத்து ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் சுண்டல் தட்டை அழுத்தி வைத்த சத்தம் அவருக்குக் கேட்காமல் இருக்காது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டம்மா குனிந்து உற்றுப் பார்த்தார். நம்பர் ஒன்றும் தெரியவில்லையே, என்ன நம்பர் என்று கேட்டார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தி ஏழு" என்றார் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி.